நாள் தள்ளிப்போகும் முன்பே

அன்புள்ள வனிதா,

தலைதீபாவளி விருந்தெல்லாம் முடிந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய். அடுத்த வருஷம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறோம் என நீ சொன்னதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய்.

நம் குடும்பத்து விஷயம் உனக்குத் தெரியும். ஆச்சிக்குச் சர்க்கரை. உன் அப்பா நாற்பது வயதிலேயே மாத்திரை போட ஆரம்பித்துவிட்டான். அதனால் மாசமாக இருக்கும்போது உனக்கும் சர்க்கரை வர வாய்ப்பு கூடுதல். இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இப்போது உன் கையில் நேரம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

நான் நர்ஸாக இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்போம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து ரத்தம் கொடுக்க வேண்டும். அளவு 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லாத இந்த எளிய முறைக்காகப் பாடுபட்டவர் நம் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. தொலைவிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று கண்ணால் பார்த்தவள் நான்.

அளவு கூடியிருக்கிறது என்றதும் அந்தப் பெண்கள் முதலில் கேட்பது, "நேத்து ஜாங்கிரி சாப்பிட்டேனே, அதனாலயா சிஸ்டர்?" என்றுதான். நேற்றைய ஜாங்கிரியில் ஒன்றுமில்லை, வனிதா. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அது இன்னும் கூடும். எல்லாத் தாய்மாருக்கும் நடப்பதுதான் இது. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. ஏற்கெனவே உடம்பு திணறிக்கொண்டிருந்தால் ஈடுகட்ட முடியாது. அந்தத் திணறல் பல வருஷமாகச் சேர்ந்து வருவது. மாசமானதும் டாக்டரை முதல் முறை பார்க்கும்போதே பரிசோதிப்பார்கள். மறுபடி 24லிருந்து 28 வாரத்துக்குள். அப்போது தெரியவந்தால் பிரசவத்துக்கு மூன்று, நான்கு மாதம்தான் மிச்சம். அதனால்தான் நாள் தள்ளிப்போகும் முன்பே தட்டைக் கவனி என்கிறேன்.

அமெரிக்காவில் 1989இல் தொடங்கி, லட்சத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளின் உணவையும் உடல்நிலையையும் வருஷக்கணக்காகக் கேட்டுப் பதிந்து வந்திருக்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன்னால் உருளைக்கிழங்கு, கோலா பானங்கள், ஆட்டிறைச்சி மாட்டிறைச்சி வகைகள், வெளியில் வாங்கும் பொரித்த பண்டம் இவற்றை அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரையும் அதிகம் வந்ததாக அதில் தெரிந்தது. உருளைக்கிழங்கு விஷம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் சோற்றோடு உருளைக்கிழங்கு வறுவலைத் தொட்டுக்கொள்ளும் நாம் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். அது மாவுக்கு மாவே துணை.

உன் ஒரு நாளை எடுத்துக்கொள். காலையில் நாலு இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் பிஸ்கட்டோடு டீ, ராத்திரி தோசை. பெரும்பாலும் அரிசியும் மைதாவும்தான். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தினால் நாலு நாள்கூடத் தாங்காது. முதலில் காயையும் கூட்டையும் தட்டில் பாதிக்கு வை, பிறகு சோற்றுக்கு இடம் விடு. பருப்போ, முட்டையோ, மீனோ ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். வாரத்தில் சில நாள் இட்லிக்குப் பதில் பயறு அரைத்து அடை சுடு. சாயங்காலம் சுண்டல். கேழ்வரகு நல்லதென்று கூழாகக் கரைத்துக் குடிக்காதே, அது சீக்கிரம் சர்க்கரையை ஏற்றும். அடையாகத் தட்டிச் சாப்பிடு. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், அதில் ஏமாறாதே. கொய்யாவைக் கடித்துத் தின்னு, ஜூஸ் போடாதே. ராத்திரி சாப்பிட்டதும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நட.

கல்யாணம் ஆன வருஷத்தில் விருந்து விருந்தென்று எடை ஏறுவது நம் பக்கம் வழக்கம். ஏறியதில் கொஞ்சம் இறங்கினாலும் உடம்புக்கு லாபம். ஆனால் சீக்கிரம் இளைக்க வேண்டுமென்று பட்டினி கிடக்காதே, கர்ப்பம் தரிக்கப்போகும் உடம்புக்குச் சத்து வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையையும் இப்போதே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்.

இதையெல்லாம் செய்தும் சர்க்கரை வரலாம். ஒல்லியாக, ஒழுங்காகச் சாப்பிட்ட பெண்களுக்கும் வந்து பார்த்திருக்கிறேன். வந்தால் யாரும் உன்னைக் குற்றம் சொல்ல விடாதே, நீயும் சொல்லிக்கொள்ளாதே. பெரும்பாலும் சாப்பாட்டிலும் நடையிலுமே கட்டுக்குள் வரும், தேவைப்பட்டால் இன்சுலின் போடுவார்கள். அதற்குத் தயங்காதே. கட்டுப்படுத்தாமல் விட்டால்தான் பிள்ளை அளவுக்கு மீறிப் பருக்கும், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை தாழும்.

இந்த மாதமே வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் பார்த்துவிடு. வெறும் வயிற்றில் 100க்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்க்கும் வரை குழந்தை யோசனையைக் கொஞ்சம் தள்ளிவை. உன் மாமியாரிடம் நீயே சொல்லத் தயங்கினால் எனக்குச் சொல், நானே பேசுகிறேன். ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை