வாசனை எண்ணெய்: இயற்கை என்றாலும் அளவு வேண்டும்

மதிப்புக்கூட்டல் என்று பேச்செடுத்தாலே, "மேலுக்குத் தேய்க்கிற வாசனை எண்ணெய் போட்டு விக்கலாமாங்க?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. தாராளமாகப் போடலாம். நான் அணுபுரத்தில் குடியிருக்கிறேன். சுற்றுப்பக்க ஊர்களில் செக்கு எண்ணெய் ஆட்டுகிறவர்களோடு பழகுகிறேன். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: நஞ்சில்லாமல் விளைந்தது என்பது வேறு, தோலுக்கு ஒத்துக்கொள்வது என்பது வேறு.

கடைப் பாட்டிலில் என்ன இருக்கிறது?

விலை குறைந்த எண்ணெய்கள் பலவற்றுக்கு அடி எண்ணெய் லைட் லிக்விட் பாரஃபின். பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. நன்றாகச் சுத்திகரித்திருந்தால் தோலை அரிக்காது. ஆனால் முன்பக்கம் பாதாம் படம் போட்டு, உள்ளே இதை நிறைய ஊற்றி விற்பதுதான் வயிற்றெரிச்சல். வாங்குமுன் பின்பக்க லேபிளைப் படியுங்கள். அதிகம் சேர்த்த பொருள்தான் பட்டியலில் முதலில் வரும்.

அடுத்தது வாசனை. 'பெர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லுக்குள் பல பத்து வேதிப்பொருள்கள் ஒளிந்திருக்கலாம். ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களை லேபிளில் பெயர் சொல்லியே எழுதவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் சட்டம் போட்டது. 2023இல் அந்தப் பட்டியலை 80க்கும் மேலாக நீட்டியது. கழுவாமல் உடம்பிலேயே விடும் எண்ணெயில் 0.001 விழுக்காட்டைத் தாண்டினாலே எழுதியாக வேண்டும். அதாவது 100 கிராமில் வெறும் ஒரு மில்லிகிராம்.

நம் தோட்டத்துச் சரக்கும் பட்டியலில் உண்டு

அந்தப் பட்டியலில் சிட்ரால், யூஜினால், ஜெரானியால், லிமோனின் எல்லாம் இருக்கின்றன. எலுமிச்சைப்புல் எண்ணெயில் முக்கால் பங்கு சிட்ரால்தான். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால். பசும்புல் 100 கிலோ வடித்தால் அரை கிலோவை ஒட்டித்தான் எண்ணெய் தேறும். அவ்வளவு செறிவான பொருளை அப்படியே தோலில் தடவினால் எரிச்சல் வரும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் அரிக்கும்.

எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயில் இன்னொரு சங்கதி. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் கன்றிக் கறுக்கும். வயலில் நிற்கிற நமக்கு அது ஆகவே ஆகாது.

கற்பூரம் கலந்த எண்ணெயை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேய்க்கக் கூடாது. தோல் வழியே உள்ளே போய் வலிப்பு வரை கொண்டுவிடும். "எங்க பாட்டி காலத்துலேர்ந்து தேய்க்கிறோமே" என்பார்கள். எத்தனை காலம் தேய்த்திருந்தாலும், பிஞ்சு உடம்பில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

செய்முறையும் அளவும்

முதலில் செய்யச் சுலபமானது வெட்டிவேர் எண்ணெய். கடலூர்ப் பக்கம் கடலோர மணலில் நன்றாக விளைகிற வேர் இது.

1. வேரை மண் போக அலசி, முறுக முறுக உலர்த்தி நறுக்குங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சை பிடிக்கும். நம் கடலோரக் காற்றில் ஒருநாள் காய்ச்சல் போதாது.

2. செக்கு நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ வேரைப் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் விடுங்கள். ஒரு வாரம் ஊறியபின் வடிகட்டுங்கள். வாசனை மெல்லிசாக இருக்கும். தோலுக்கு அதுதான் நல்லது.

3. வடித்தெடுத்த எண்ணெய் சேர்ப்பதானால் 100 மி.லி.க்கு ஒரு மி.லி., சுமார் 20 சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். எலுமிச்சைப்புல் என்றால் 10 சொட்டோடு நிறுத்துங்கள்.

4. அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில், கழுத்துவரை நிரப்பி, நிழலில் வையுங்கள். காற்றுப்பட்டுப் பழசான லிமோனினும் லினலூலும் புதுசைவிட அதிகம் ஒவ்வாமை தரும்.

5. முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தடவி, இரண்டு நாள் பாருங்கள். ஒவ்வாமைத் தடிப்பு பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியும். சிவந்தால், அரித்தால் அந்த எண்ணெய் அவருக்கு வேண்டாம்.

விற்பதானால்

வீட்டுக்குச் செய்வது வேறு. விற்பனைக்கு வந்துவிட்டால் அது அழகுசாதனப் பொருள். 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வாங்கவேண்டும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் கேளுங்கள். லேபிளில் 'மூலிகை எண்ணெய்' என்று மொட்டையாக எழுதாமல், சேர்த்த பொருள் எல்லாவற்றையும், தயாரித்த தேதியையும் எழுதுங்கள். காய்கறியில் என்ன மருந்து அடித்தாய் என்று கேட்கிற உரிமை வாங்குகிறவருக்கு உண்டு என்று நாம்தானே பேசுகிறோம்? எண்ணெய் வாங்குகிறவருக்கும் அதே உரிமை உண்டு.