உளி பிடித்த கையில் ஒரு ரக்பி பந்து



விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கபடியைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் களம், டியூப்லைட், மைக் செட். ஆனால் 2025 ஜூனில் மும்பையில் நடந்த எழுவர் ரக்பி லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வென்றது என்று சொன்னால், "ரக்பியா? முட்டை மாதிரி பந்த வெச்சிக்கிட்டு முட்டிக்குவாங்களே, அதுவா மச்சான்?" என்கிறார்கள். அதேதான்!

எழுவர் ஆட்டத்துக்குத் தாய், ரக்பி யூனியன். பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம். பந்தைக் கையால் முன்பக்கம் எறியக்கூடாது. பந்து வைத்திருப்பவரை மட்டுமே பிடித்துச் சாய்க்கலாம். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 5 புள்ளி. பக்கத்துக்கு 8 பேர் தலைகோத்துத் தள்ளுவதற்கு 'ஸ்க்ரம்' என்று பெயர். அதன் முன்வரிசையில் இரு ஓரமும் நிற்பவர்கள் 'ப்ராப்'. நம்ம சிவில் தோழர்கள் சென்ட்ரிங் பலகைக்கு முட்டுக் கொடுப்பார்களே, அந்த வேலைதான். பின்னாலிருந்து வரும் பாரம் கழுத்திலும் தோளிலும் இறங்கும்.

அப்படி ஒரு முட்டு, இங்கிலாந்தின் ஜேசன் லியோனார்ட். 1968-ல் பிறந்தவர். தொழில், தச்சு வேலை! 1990-ல் 21 வயதில் தேசிய அணிக்கு வந்தார். சம்பளம்? கிடையாது. ரக்பி யூனியனில் ஆடுவதற்குக் காசு வாங்குவதே அன்றைக்குக் குற்றம். 1995 ஆகஸ்டில்தான் சர்வதேச வாரியம் அந்தத் தடையை நீக்கியது. அதுவரை ஆட்டக்காரர்களுக்குப் பகலில் பிழைப்பு, மாலையில் பயிற்சி. 1992-ல் லியோனார்டுக்குக் கழுத்தில் பலத்த அடி. இடுப்பெலும்பில் துண்டு எடுத்துக் கழுத்தில் வைத்தார்கள். (ஜாயிண்ட் போடுவதில் இது ஒரு தினுசு!) மனிதர் மறுபடி அதே ஸ்க்ரம்மில் போய் நின்றார். 2003-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். 2004-ல் ஓய்வு பெற்றபோது இங்கிலாந்துக்கு 114 ஆட்டங்கள் ஆடி முடித்திருந்தார்.

நம் கபடிக்கு அந்த 1995, 2014-ல் வந்தது. புரோ கபடி தொடங்கியபோது தஞ்சை மாவட்டத்து தர்மராஜ் சேரலாதனுக்கு வயது 39. 2016-ல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கினார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார்.

மறுபக்கமும் உண்டு. 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி இரண்டேகால் கோடிக்கு மேல் கொடுத்து பவன் செராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போச்சு. சீசனே முடிந்தது அவருக்கு. அடுத்த ஏலத்தில் இன்னும் கூடுதல் விலைக்குப் போனார் என்பது வேறு விஷயம். பேர் தெரியாத ஒரு பையனின் முழங்கால் போனால் எந்த ஏலத்தில் கூப்பிடுவார்கள்?

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் வகுப்பு நண்பன் ஒருவன் அருமையான ரைடர். "நாலாவது செமஸ்டரோட நிறுத்திட்டு கேம்ப்புக்குப் போறேன்டா" என்றான். திண்டிவனம் பஸ்ஸில் லியோனார்ட் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவன், "அந்தாளுக்குத் தச்சு வேல தெரியும். எனக்கு லேத்தே ஒழுங்கா வரலியே" என்றான்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஒர்க்ஷாப்பில் இரண்டு பேரும் த்ரெட் கட்டிங் போட்டுப் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மயிலம் பக்கம் மேட்ச். கைதட்ட ஆள் வேண்டும், வாங்க!