டி.பி. குணமான பிறகும் சளி நிற்கவில்லையா?



"டி.பி. திரும்ப வந்துவிட்டது" என்று சொல்லி மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வருகிறவர்கள் உண்டு. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்திருக்கும். ஆனாலும் இருமல் ஓயாது. காலையில் எழுந்தால் கெட்டிச் சளி மஞ்சளும் பச்சையுமாக வந்துகொண்டே இருக்கும். வீட்டிலோ அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்!

இது மூச்சுக்குழாய் விரிவு நோயாக இருக்கலாம். மருத்துவர்கள் 'பிராங்கியெக்டேசிஸ்' என்பார்கள். காசநோயைப் போல இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் நோயல்ல.

மூச்சுக்குழாய்களின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய இழைகள் ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. காசநோய், கடும் நிமோனியா, சிறுவயதில் வந்த தட்டம்மை, கக்குவான் இருமல் போன்றவை குழாயின் சுவரைச் சிதைத்துவிட்டால் அது தளர்ந்து விரிந்துவிடும். அங்கே சளி தேங்கும். தேங்கிய சளியில் கிருமி வளரும். அது சுவரை மேலும் அரிக்கும். விரிந்த குழாய் பெரியவர்களுக்குப் பழையபடி சுருங்குவதில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1819-லேயே இதை விவரித்து எழுதிவிட்டார். சாதாரண எக்ஸ்ரேயில் இது தப்பிவிடக்கூடும், சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியும்.

வைத்தியத்தில் பாதி, தினமும் சளியை வெளியேற்றுவதுதான். நம்மவர்கள் இதைத்தான் அலட்சியம் செய்கிறார்கள். மெதுவாக மூச்சை இழுத்து, வாயை அகலத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல "ஹா" என்று விட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் இருமினால் சளி எளிதில் வரும். எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் சளி இறங்கும் என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். சாப்பிட்டவுடன் செய்யக் கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இருமலை அடக்கும் சிரப் வாங்கிக் குடிப்பது சளியை உள்ளேயே பூட்டி வைப்பதாகும். கிருமிக்கொல்லி மாத்திரையை இரண்டு நாளில் நிறுத்துவதும் தவறு. இந்நோய்க்குப் பெரும்பாலும் 14 நாள்வரை தருவார்கள். பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை கூடவே கூடாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ரமலானுக்கு முன்பே மருந்து நேரத்தையும் தண்ணீர் அளவையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கும்போது வீம்பு வேண்டாம்.

சளியில் ரத்தக் கீற்று தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தமாகவே வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.