எதை எழுதாமல் விடுவது?

இங்கிலாந்துக்கு வர நினைக்கும் செவிலியர் தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, ஐஇஎல்டிஎஸ் எழுதவா, ஓஇடி எழுதவா?" என்றுதான். இரண்டும் ஆங்கிலத் திறன் தேர்வுகள். நான் ஓஇடி எழுதித்தான் வந்தேன். வார்டில் சில வருடங்கள் வேலை பார்த்தவர்களுக்கு அதையே சொல்கிறேன். ஐஇஎல்டிஎஸ்ஸில் ஏதோ ஒரு பொதுத் தலைப்பில் 250 வார்த்தைக்குக் கட்டுரை எழுத வேண்டும். ஓஇடி மருத்துவத் துறையினருக்காகவே ஆஸ்திரேலியாவில் உருவான தேர்வு. அதில் கேட்பது, படிப்பது, எழுதுவது எல்லாமே நமக்குப் பழகிய விஷயங்கள். கட்டணம்தான் பல ஆயிரம் ரூபாய் கூடுதல்.

இங்கே செவிலியரைப் பதிவு செய்யும் கவுன்சிலான என்எம்சி, கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 500க்கு 350 கேட்கிறது. எழுத்துக்கு 300 போதும். ஆனாலும் நம் பிள்ளைகள் அதிகம் திணறுவது எழுத்தில்தான்.

காரணம் இலக்கணம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தேர்வில் ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸ் தருவார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். 180லிருந்து 200 வார்த்தைக்குள் ஒரு கடிதம். நர்சிங் கல்லூரியில் ரெக்கார்டு நோட்டு எழுதும்போது எதையும் விட்டுவிடக் கூடாது என்றே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் நோட்ஸில் உள்ள அத்தனையையும் கடிதத்தில் அடைத்துவிடுகிறோம்.

இடுப்பு மூட்டு மாற்றிய பாட்டியம்மா ஒருவர் வீடு திரும்புகிறார் என்று வையுங்கள். கடிதம் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸுக்கு. அவருக்குத் தெரிய வேண்டியது தையல் எப்போது பிரிப்பது, எவ்வளவு தூரம் நடக்கிறார், என்ன மாத்திரை, வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்பவை. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதுவும் கட்டாயம். முப்பது வருடத்துக்கு முன் குடல்வால் எடுத்தது அவருக்கு எதற்கு? அதே நோட்ஸை வைத்து டயட்டீஷியனுக்கு எழுதச் சொன்னால் பொறுக்க வேண்டியவை மாறிவிடும். எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். கடிதத்தைத் திருத்தும் ஆறு அளவுகோல்களில் இலக்கணமும் சொல்வளமும் சேர்ந்து ஒன்றுதான். கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் ஓரளவுக்குமேல் கைகொடுக்காததும் இதனால்தான்.

ஷிஃப்ட் முடிந்து ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது இந்தப் பொறுக்கலை நாம் தினமும் செய்கிறோம். அதையே பயிற்சியாக்குங்கள். அன்று பார்த்த ஒரு நோயாளியை மனதில் வைத்து, பெயர் ஊர் எதுவும் இல்லாமல், ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். நைட் டியூட்டி முடித்த உடம்போடு மாக் டெஸ்ட் போடுவதைவிட இது மேல்.

பேச்சுத் தேர்வில் ஐந்தைந்து நிமிடத்தில் இரண்டு ரோல்பிளே. எதிரே நோயாளியாக நடிப்பவர் மார்க் போடுவதில்லை. பதிவு செய்த உரையாடலைக் கேட்டு வேறு சிலர் போடுகிறார்கள். கையில் தரும் ரோல்பிளே கார்டில் இருப்பதை எல்லாம் ஒப்பித்துவிடும் அவசரம் வேண்டாம். இன்சுலின் வேண்டாம் என்று ஒருவர் மறுக்கிறார் என்றால், "போடாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும்" என்று ஆரம்பிக்கவே கூடாது. எது பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். ஊசியா, இல்லை ஒருமுறை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்று யாராவது சொன்னார்களா? அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். நோயாளியின் கவலையைக் கேட்டு அதற்கேற்பப் பேசுவதற்குத் தனியே மதிப்பெண் உண்டு. எனக்கு இங்கே வார்டில் அதிகம் உதவியதும் இந்தப் பயிற்சிதான்.

படித்தலில் முதல் பகுதி 15 நிமிடத்தில் 20 கேள்வி. முழுதும் படிக்க உட்காராமல் கேள்வியைப் பார்த்துவிட்டு விடையைத் தேடுங்கள். ஒரு பிரிவில் மட்டும் குறைந்தால் மனம் தளர வேண்டாம். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட என்எம்சி அனுமதிக்கிறது. அதற்கும் குறைந்தபட்ச வரம்பு உண்டு, அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வே எழுதாமல் சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன் என்பவர்களிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். மதிப்பெண்ணைத் தேர்வு நடத்துபவர்களிடமே சரிபார்க்கிறார்கள். வேலை வாங்கித் தருவதற்காக ஏஜென்சி உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் நடத்தை விதி. யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.