பனி விலகிய நிலத்தின் முதற்குடிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்)

மண் என்றால் என்ன? பாறை பொடிந்தால் மண் என்று நம்மில் பலர் விடை சொல்வோம். பாறை பொடிந்தால் கிடைப்பது வெறும் மணலும் தூளுமே. அதில் விதைத்த பயிர் தழைக்காது. அத்தூளை மண்ணாக்கும் வேலையில் முதலில் இறங்குகிறவை கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள். அவ்வேலையைத் தொடக்கத்திலிருந்தே காண வேண்டுமானால் பனியாற்றின் முனைக்குச் செல்ல வேண்டும்.

பாகீரதி நதி புறப்படும் கோமுகம் கங்கோத்திரிப் பனியாற்றின் முனையாகும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பனியாறு உருகிப் பின்வாங்கி வருகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆடன் என்பவர் 1935-இல் இதன் முனையை அளந்து வரைபடமாக்கினார். அன்று பனிக்கடியில் கிடந்த நிலம் இன்று வெட்டவெளி. இத்தகைய இடங்களில் பனிமுனையை ஒட்டிய நிலம் நேற்றுப் பிறந்தது. கீழே இறங்க இறங்க நிலத்தின் வயது கூடும். பல பத்தாண்டுகளின் கதையை ஒரு நாள் நடையிலேயே படித்துவிடலாம்!

இதை என் தந்தையிடம் சொன்னேன். ஆடு மேய்த்து வளர்ந்தவர் அவர். இப்போது தோல் ஷாப்பில் கூலி வேலை. "ஆடு மாடு இல்லாத எடத்துல எரு ஏதுடா?" என்றார். ஆராய்ச்சியாளர்கள் கேட்டதும் இதே கேள்வியைத்தான்.

முதல் எருவைக் காற்று கொண்டு வருகிறது. மகரந்தம், செத்த பூச்சிகள், தூசி ஆகியவை வந்து விழுகின்றன. பனிக்கடியில் நெடுங்காலம் புதைந்திருந்த பழைய மக்கும் ஓரளவு உண்டு. காற்று போடும் ஆட்டுக்கிடை என்றே இதைச் சொல்லலாம். இதைத் தின்று சில பாக்டீரியாக்கள் பிழைக்கின்றன. அடுத்து வருவன தம் உணவைத் தாமே சமைக்கும் நீலப்பச்சைப் பாசிகள். பெயர்தான் பாசி, இனத்தால் இவையும் பாக்டீரியாக்களே. பெரு நாட்டின் பூக்கா பனியாற்றருகே, சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. செடி எதுவும் முளைக்கும் முன்பே, முதல் நான்கைந்து ஆண்டுகளுக்குள், இப்பாசிகள் வகைவகையாய்ப் பெருகியதையும், காற்றிலுள்ள நைட்ரஜன் மண்ணில் சேரத் தொடங்கியதையும் அது காட்டியது. நெல் வயலில் இவை இதே தொண்டைச் செய்வதை நம் நாட்டு அறிஞர் பி. கே. டே 1939-இலேயே நிறுவியிருக்கிறார். இவற்றின் உடலிலிருந்து கசியும் பசை மணலைப் பிணைத்து ஈரத்தையும் காக்கிறது.

மணிச்சத்து மட்டும் காற்றில் இல்லை. அது பாறைக்குள் பூட்டிக் கிடக்கிறது. சுவிட்சர்லாந்தின் டாம்மா பனியாற்றருகே கிடைத்த சில பாக்டீரியாக்கள் ஆக்ஸாலிக் அமிலம் போன்றவற்றைச் சுரந்து கருங்கல் மணலையே கரைக்கின்றன. இப்படிக் களம் ஆயத்தமான பின் பாசங்களும் பூண்டுகளும் வருகின்றன. வேர் வந்ததும் அதைச் சுற்றி வேறு வகைப் பாக்டீரியாக்கள் கூடுகின்றன.

இவற்றை நான் தேடிப் படித்ததற்குப் பாலாற்றங்கரையே காரணம். தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக ஒரு முதற்கட்டக் கணக்கெடுப்பு கூறியதை 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. எங்கள் மாமாவின் நிலமும் அப்படிப்பட்டதுதான். கோடையில் அங்கே உப்புப் பூக்கும். என் கல்லூரிச் செலவோ தோல் ஷாப்புக் கூலியிலிருந்து வருகிறது! யாரை நோவது?

பனி விலகிய நிலம் ஏழை நிலம், ஆனால் தூய்மையானது. இங்கே நிலைமை நேர்மாறு. பச்சைத் தோல் கெடாதிருக்க இட்ட உப்பு கழுவப்பட்டு நிலத்தில் சேர்கிறது. உப்பு மிகுந்தால் பாக்டீரியாவின் உடலிலுள்ள நீரே வெளியேறிவிடும். சோடியம் களிமண்ணைச் சிதைத்து, காற்று புகும் துளைகளை அடைத்துவிடும். உப்பைத் தாங்கும் சில இனங்களே பிழைக்கும். நச்சுத்தன்மை மிக்க குரோமியத்தைத் தீங்கு குறைந்த வடிவமாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. உப்பைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா எதுவும் கிடையாது. அதை நல்ல நீரால் கழுவி வடித்தே ஆக வேண்டும். ஜிப்சம் இடுவது அதற்குத் துணை செய்யும். அதன் பிறகே முதற்குடிகளின் வேலை தொடங்கும்.

சென்ற மழைக்குப் பின், நீர் நன்றாக வடியும் வடக்கு மூலையில் மட்டும் மாமா தக்கைப்பூண்டு விதைத்தார். உப்பை ஓரளவு தாங்கும் பயிர் அது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் கடுகளவு முடிச்சுகள் இருந்தன. ஒன்றைப் பிளேடால் அறுத்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. நைட்ரஜனைப் பிடிக்கும் முடிச்சின் நிறம் அது.