ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு எஸ்டிமேட்



சிவில் படிக்கிறான் என்று தெரிந்துவிட்டால் போதும், எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் நம்மைத் தனியாக ஓரங்கட்டிக் கேட்பார்கள்: "தம்பி, வீட்டைக் கொஞ்சம் பாக்கணும். மொத்தமா இடிச்சுக் கட்ட வசதி இல்ல. எதை முதல்ல செய்யலாம்?"

எஸ்டிமேட்டிங் பாடத்தில் நாம் கணக்குப் போடும் வீடு, காலி மனையில் வானம் தோண்டுவதில் தொடங்கிப் பெயிண்ட்டில் முடியும். கேட்கிறவர் வீட்டிலோ ஐந்து பேர் குடியிருக்கிறார்கள். கையில் வருடத்துக்கு முப்பதோ நாற்பதோ ஆயிரம். நடுவில் ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். அப்படி ஒரு வீட்டுக்கு எப்படித் திட்டம் போடுவது என்பதை எங்கள் வீட்டை வைத்தே சொல்கிறேன். 2021-ல் தொடங்கிய வேலை. இன்னும் பாக்கி இருக்கிறது.

எங்கள் வீடு தென்காசிப் பக்கம். தாத்தா காலத்து ஓட்டு வீடு. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், பனங்கை, அதன்மேல் ரீப்பர், மங்களூர் ஓடு. (இந்த ஓட்டுக்கு ஊர்ப் பெயர் வந்த கதை தெரியுமோ? 1860-களில் மங்களூரில் பாஸல் மிஷன் என்ற ஜெர்மன்-சுவிஸ் பாதிரிமார் சபை தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைதான் காரணம்.) அப்பாவுக்குத் தையல் கடை. அம்மா பீடி சுற்றுகிறார். ஆச்சி, அக்கா, நான்.

பணம் வரும் மாதமும் வேலை செய்யும் மாதமும்

முதல் சிக்கல் இதுதான். தையல்காரர் வீட்டில் பணம் புழங்குவது தீபாவளிக்கு. அப்போது ஐப்பசி மழை. ஓட்டைப் பிரிக்க முடியாது. எங்கள் பக்கம் ஆனி, ஆடியிலும் சாரல் உண்டு. ஆக, கூரையில் கை வைக்க ஏற்ற காலம் தை முதல் சித்திரை வரை. ஐப்பசியில் வந்த பணம் மாசி வரைக்கும் கையில் நிற்குமா? நிற்காது. நல்ல காரியம், கெட்ட காரியம், கைமாற்று என்று கரைந்து போகும்.

சரி, சாமானாக வாங்கிப் போட்டுவிடலாம் என்றால், எல்லாச் சாமானும் தாங்காது. ஓடு, ஜல்லி, எம்-சாண்ட் கிடக்கும். சிமெண்ட் கிடக்காது. மழைக்காலத்து ஈரத்தில் மூன்று மாதம் கிடந்த சிமெண்ட்டின் வலிமை கணிசமாகக் குறையும் என்று கன்ஸ்ட்ரக்ஷன் மெட்டீரியல்ஸில் படித்திருக்கிறோம். அம்மா கண்டுபிடித்த வழி எந்தப் புத்தகத்திலும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருந்த சங்கிலியைத் தீபாவளிப் பணத்தில் திருப்பிவிடுவார். மூன்று மாத வட்டி மிச்சம். மாசி பிறந்ததும் அதே சங்கிலியை மறுபடி வைத்து வேலைக்குப் பணம். சங்கிலியாக இருந்தால் யாரும் கைமாற்றுக் கேட்க மாட்டார்கள் அல்லவா! பார் சார்ட் போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கூரை

2021 மாசியில் கூரை. சுமார் 600 சதுர அடி. 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 ஓடு பிடிக்கும் என்று வைத்தால் 840. உடைந்தது, விரிசல் விட்டது 170. புது ஓடு வாங்கவில்லை. இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பழைய ஓடு பார்த்தோம். விரலால் சுண்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும், 'டொக்' என்றால் உள்விரிசல். அதைவிட முக்கியம், நம் ஓட்டு மாதிரி ஒன்றைக் கையோடு கொண்டு போவது. ஒவ்வொரு கம்பெனி ஓட்டுக்கும் வரிப்பள்ளம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். பூட்டுச் சேராத ஓடு புதிதாக இருந்தாலும் ஒழுகும்.

பனங்கை ஒன்றிரண்டில் சுவர் மேல் உட்காரும் முனையைக் கரையான் தின்றிருந்தது. அவற்றை மட்டும் மாற்றி, முகட்டோட்டைச் சாந்து வைத்துப் பூசியாயிற்று. ஒரு பக்கத்தைப் பிரித்து அன்றைக்கே மூடிய பிறகுதான் அடுத்த பக்கம். தூங்க ஓர் இடமாவது மூடியிருக்க வேண்டுமே.

சுவர்

இனிமேல்தான் விஷயம். தெருப்பக்கச் சுவரில் அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். 2022 தையில் அக்காவுக்கு ஜாதகம் எடுத்தார்கள். அம்மா சொன்னது: "பொண்ணு பாக்க வாறவுக ஓட்டையா அண்ணாந்து பாப்பாக? சுவரையும் தரையையும்தான் பாப்பாக." முன்வீட்டுக்குப் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்து, தரைக்கு டைல்ஸ் போட ஒருவர் 28,000 ரூபாய் சொல்லியிருந்தார்.

அம்மா சொன்னதில் தப்பு இல்லை என்பது என் அபிப்பிராயம். வீடு மழைக்கு ஒதுங்க மட்டுமல்ல, நாலு பேர் வந்து உட்காரவும்தான். ஆனால் கொத்தனார் அண்ணாச்சி வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மைனி, சுவரு தண்ணி குடிக்குவு. இதுமேல பெயிண்ட் அடிச்சா அடுத்த ஐப்பசிக்கு உரிஞ்சு வந்துரும்" என்றார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளை ஈரச் சுவரில் வைத்து நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக்காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தால் பாதி சரியாகும். சுவர்ப்பக்கம் நீர் கோத்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்களுக்குச் சுவர்ப்பக்கம்தான்.

காரணம் தெருவில் இருந்தது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டு, தெரு எங்கள் வாசற்படிக்குச் சமமாக உயர்ந்துவிட்டது. மழைத்தண்ணீர் சுவரோரம் தேங்குகிறது. பழைய சுவரில் டி.பி.சி. கிடையாது. செங்கலும் சுண்ணாம்பும் திரி எண்ணெயை இழுப்பதுபோல் ஈரத்தை மேலே இழுக்கின்றன. எப்போதோ ஒருவர் அடிச்சுவருக்குச் சிமெண்ட் பூசியிருந்தார். அது ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து, இன்னும் உயரத்துக்கு ஏற்றிவிட்டது. (இப்போது வீட்டையே ஜாக்கி வைத்து மூன்றடி தூக்குகிறார்கள், பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவரை அப்படித் தூக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. செலவும் நம் கைக்கு அடங்காது.)

செய்தது இவ்வளவுதான். சுவருக்கு வெளியே நீளவாக்கில் ஓரடி அகலம் தோண்டி, ஜல்லி நிரப்பி, மழைநீர்க் குழிக்குச் சரிவு கொடுத்தோம். அந்தக் குழி 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வெட்டியது. தூர்ந்து கிடந்ததைச் சுத்தம் செய்தோம். பத்தடிக்கு இரண்டு அங்குலச் சரிவை ட்யூப் லெவலில் அப்பாவும் நானும் பிடித்தோம். அப்புறம் உள்பக்கச் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்தாயிற்று. உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி செங்கலுக்குள்ளேயே போகும்.

மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் முன்வீட்டில் வெறும் செங்கல்தான் தெரிந்தது. கட்டிலைச் சுவரோரம் நிறுத்திப் போர்வை தொங்கவிட்டிருந்தோம். அம்மாவுக்குச் சங்கடம்தான். சித்திரைக் கடைசியில் ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்புச் சாந்தில் பூசி, ஆறவிட்டு, ஆனியில் வெள்ளை.

வெள்ளை என்றதும் ஏளனமாகப் பார்க்க வேண்டாம். சுண்ணாம்பு, சுவரின் ஈரத்தைத் தடுக்காமல் வெளியே விடும். எமல்ஷன் உப்பிக்கொண்டு உரியும் இடத்தில் வெள்ளை நிற்கும். கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கில் நீற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பிசினும் துளி நீலமும் சேர்த்து அடிப்பது. பழைய டிஸ்டெம்பர் இருந்தால் முழுக்கச் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்வீட்டுக்கு வெள்ளையடிக்கும் சாமான் செலவு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. டைல்ஸ் போடவில்லை. ஆச்சி காலத்துச் சிவப்பு ரெட் ஆக்ஸைடு தரையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் முகம் பார்க்கலாம். ஆவணியில் வந்தவர்கள் அந்தத் தரையில்தான் பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

2023 ஆவணியில் அக்கா கல்யாணம். அந்த வருடம் வீட்டில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. சங்கிலியும் அக்காவோடு போயிற்று. நம் பாடத்துக்கு இந்த வருடம்தான் முக்கியம். வேலை எந்த இடத்தில் நின்றாலும் வீட்டில் ஆள் இருக்க முடிய வேண்டும். செய்தது எதையும் பிறகு உடைக்கக் கூடாது. கூரை மூடியிருந்தது, தண்ணீர் வெளியே போயிற்று, சுவர் காய்ந்திருந்தது. இரண்டு வருடம் நின்றாலும் ஒன்றும் கெட்டிருக்காது. 28,000 ரூபாய்க்குப் பெயிண்ட்டும் டைல்ஸும் போட்டிருந்தால், உரிந்த பெயிண்ட்டோடு கல்யாணம் நடந்திருக்கும்.

கிரைண்டர் ஷாக்

2024-ல் வயரிங். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் பொறுத்தருள்க. உங்கள் எல்லைக்குள் கொஞ்சம் வருகிறேன். எங்கள் வீட்டில் மரக்கட்டை மேல் ஓடிய பழைய வயரிங், எர்த் கிடையாது. கிரைண்டரை ஈரக்கையால் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். "லேசாத்தான் அடிக்கும், செருப்புப் போட்டுக்கிட்டு ஆட்டு" என்பது ஆச்சியின் பாதுகாப்பு விதி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விதி இருந்தால், பெயிண்ட்டை ஒத்திப் போட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

எம்.சி.பி. இருக்கிறதே, விழுந்துவிடாதா என்று கேட்கிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும் கசிவு மில்லி ஆம்பியரில். அதைப் பிடிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 16-ஐ 0.03-ஆல் வகுத்துப் பாருங்கள், ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து, எர்த் குழி போட்டு, லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்தோம். அடுக்களைக்கும் பின்கட்டுக்கும் வெறும் பைப்பை மட்டும் சுவரில் பதித்து, உள்ளே ஒரு கம்பியை விட்டு வைத்தோம். பணம் வரும்போது ஒயரை அந்தக் கம்பியில் கட்டி இழுத்துக்கொள்ளலாம், சுவரைக் கொத்த வேண்டாம். வயரிங் ஏன் பூச்சுக்கு முன்னால் என்பதற்கும் இதே காரணம்தான்.

2025-ல் உள்ளறைகளின் மேல்பூச்சு. 12 மில்லிமீட்டர் கனம், ஒன்றுக்கு ஐந்து கலவை என்றால் 10 சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு மூட்டை சிமெண்ட் என்று கணக்கு வரும். பழைய சுவர் நேராக இருக்காது. பள்ளம் நிரம்பச் சில இடத்தில் 20 மில்லிமீட்டர் ஏறும். எங்களுக்கு ஒன்றரை மூட்டைக்கு மேலேயே இழுத்தது. பழைய வீட்டுக்கு எஸ்டிமேட் போடுகிறவர்கள் முதலில் நூல் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்கவும்.

பாக்கி இருப்பது அடுக்களைத் தரையும் குளியலறையும். இதில் குளியலறைதான் முதலில், ஏனென்றால் அதன் கழிவுநீர்க் குழாய் அடுக்களைத் தரைக்கு அடியில் போகிறது. மாசியில் தோண்டுவதாக இருக்கிறோம். அம்மா இந்தத் தடவை சங்கிலி இல்லாமல் சீட்டுப் போட்டிருக்கிறார். இருபது மாதச் சீட்டு, ஆறாவது மாதம் எடுக்கலாம் என்று பேச்சு.