மானியம் வந்த பிறகு

ஐ.சி.எம்.ஆர்., உயிரித் தொழில்நுட்பத் துறை போன்ற மத்திய அரசு அமைப்புகளின் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுத் திட்டங்களைப் புதிதாக ஏற்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். காகிதம் தாமதித்ததாலேயே நின்றுபோகும் நல்ல ஆய்வுகள் உண்டு. அப்படி நிற்கும்போது முதல் அடி விழுவது, அந்தத் திட்டத்தை நம்பிச் சம்பளம் வாங்கும் இளைஞர்கள் மேல்தான்.

செய்ய வேண்டியவை

• அனுமதி ஆணையை வரி விடாமல் படியுங்கள். கேட்டதில் ஒரு கருவியோ ஒரு பணியிடமோ வெட்டுப்பட்டிருக்கலாம். திட்டக்காலம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். பின்னால் வரும் கெடுக்கள் எல்லாம் அதை ஒட்டியவை.

• ஒப்புதல் வேலைகளை விண்ணப்பம் போடும்போதே தொடங்கிவிடுங்கள். மனிதர்களிடம் மாதிரி எடுப்பதென்றால் நிறுவன நெறிமுறைக் குழு, எலிகளென்றால் விலங்கு நெறிமுறைக் குழு, மரபணு மாற்றிய நுண்ணுயிர் என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழு. வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். மருந்துச் சோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ.) பதிவு முடிந்திருக்க வேண்டும். நெறிமுறைக் குழு ஒப்புதலை ஆண்டுதோறும் புதுப்பிப்பதுதான் பலருக்கும் மறந்துபோவது.

• பயன்பாட்டுச் சான்றிதழ் (யூ.சி.) வேலையை ஏப்ரல் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியுமென்றால், இதை வையுங்கள். 12-ஏ படிவத்தில் யூ.சி. தருவதற்கு 2017 பொது நிதி விதிகள் நிதியாண்டு முடிந்து 12 மாதம் அவகாசம் தருகின்றன. அந்த அவகாசத்தை நம்பி உட்காரக் கூடாது. முந்தைய தவணைக்கான யூ.சி.யும் செலவுக் கணக்கும் போய்ச் சேராமல் அடுத்த தவணை வராது. தவணை வராவிட்டால் இளநிலை ஆய்வாளர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை நிற்கும். 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஊரைவிட்டு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைக்கு அது மூன்று மாதம் வராமல் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பலர் வெளியே சொல்ல மாட்டார்கள். கைமாற்று வாங்குவார்கள், வீட்டில் கேட்பார்கள், சிலர் ஆய்வையே விட்டுப் போவார்கள். ஒரு கையெழுத்துக்காகக் கோப்பு கணக்குப் பிரிவில் கிடக்கிறதென்றால் மின்னஞ்சலோடு நிற்காமல் நேரில் போய்க் கேளுங்கள். திட்டப் பணம் வங்கிக் கணக்கில் இருந்து வட்டி சேர்ந்திருந்தால், அதையும் காட்டி அரசுக்குத் திருப்பிக் கட்டுங்கள்.

• செலவுத் தலைப்பு வாரியாக மாதம் ஒருமுறை மீதியைப் பாருங்கள். ஆர்டர் கொடுத்து இன்னும் பில் வராத தொகையையும் கழித்தே பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• மார்ச்சில் அள்ளி வாங்காதீர்கள். ஆண்டுக் கடைசியில் அவசர அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்குக்கு விரோதம் என்று விதியே சொல்கிறது. அதே நேரம், கருவூல ஒற்றைக் கணக்கு வழியாக வரும் ஒதுக்கீடு மார்ச் 31க்குள் செலவாகாவிட்டால் காலாவதியாகிவிடும். இந்த இடுக்கிலிருந்து தப்ப ஒரே வழி, இறக்குமதிச் சரக்கை ஆண்டின் முற்பாதியிலேயே ஆர்டர் செய்வதுதான். பிப்ரவரியில் ஆர்டர் போட்ட என்சைம் உலர்பனிப் பெட்டியில் ஏப்ரலில் வந்து இறங்கினால், பில் அடுத்த ஆண்டுக் கணக்கில் விழும்.

• வரம்புக்குள் அடக்குவதற்காகக் கொள்முதலைத் துண்டு போடாதீர்கள். தணிக்கையில் முதலில் மாட்டுவது அதுதான். 2025 ஜூனில் அறிவியல் நிறுவனங்களுக்கு வரம்புகள் உயர்ந்து, கொட்டேஷன் இல்லாமலே 2 லட்சம் ரூபாய் வரை வாங்கலாம் என்றான பிறகு, துண்டு போடுவதற்குச் சாக்கும் குறைந்துவிட்டது.

• ஒரு திட்டத்தின் பணத்தை எடுத்து இன்னொன்றின் ஓட்டையை அடைக்காதீர்கள்.

• ஆய்வு மந்தமாகப் போவதை ஆண்டறிக்கையில் மறைக்காதீர்கள். 300 நோயாளிகள் என்று எழுதிக் கொடுத்து, இரண்டாம் ஆண்டு முடிவில் 120 பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காரணத்தை எழுதுங்கள், கூடுதல் பணம் கேட்காத கால நீட்டிப்புக்குத் திட்டம் முடியச் சில மாதங்கள் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். முடிந்த பிறகு கேட்டால், ஆணை வரும்வரை பணியாளர்களுக்குச் சம்பளம் போட வழியிருக்காது. "வேலையைப் பாருங்க, ஆர்டர் பிறகு வரும்" என்று அவர்களிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

• திட்டம் முடிந்ததும் மைனஸ் 80 ஃப்ரீசரை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளே இருப்பது நோயாளிகள் நம்மை நம்பிக் கொடுத்த ரத்தமும் சளியும். எந்தப் பெட்டியில் எது, பிற்கால ஆய்வுக்குச் சம்மதப் படிவத்தில் இடமுண்டா, ஃப்ரீசர் பராமரிப்பை இனி எந்தக் கணக்கில் எழுதுவது என்று பட்டியல் போடுங்கள். பொறுப்பேற்பவரிடம் அதில் கையெழுத்து வாங்கிய பிறகே இறுதி அறிக்கையை அனுப்புங்கள்.